வயிற்றை எக்காதே: பரதம் படித்த பிள்ளைகளுக்கு மார்த்தா கிரஹாம் முறையைத் தொடங்கிவைப்பது எப்படி

‘மாடர்ன் டான்ஸ்’ என்று நோட்டீஸ் அடித்தால் சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்லித்தருகிறார்கள் என்று நினைத்துத்தான் ஆள் வரும். கொழிஞ்சாம்பாறையிலும் சரி, கோபாலபுரத்திலும் சரி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலும் சரி, இதில் வித்தியாசம் இல்லை. ஆகவே முதல் வேலை நோட்டீஸில் இருக்கிறது. ‘மார்த்தா கிரஹாம் முறைத் தரைப் பயிற்சி, அறிமுக வகுப்பு’ என்று போடுங்கள். ‘சான்றிதழ் வகுப்பு’ என்று போடாதீர்கள். அந்தப் பெயரில் சான்றிதழ் தருவது, அமெரிக்க நவீன நடனக் கலைஞரான கிரஹாம் தொடங்கி நியூயார்க்கில் இன்றும் நடக்கும் பள்ளியின் வேலை.

இந்தக் குறிப்பு, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் நாட்டிய வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு. உங்களிடம் வரும் பிள்ளைகள் நாலைந்து வருஷம் பரதமோ மோகினியாட்டமோ படித்தவர்கள் என்று வைத்துக்கொள்கிறோம். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஒரு வகுப்பில் 12 பேருக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொருவர் முதுகையும் பக்கவாட்டிலிருந்து பார்த்தாக வேண்டும். வயது 14-க்கு மேல். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், கால் மூட்டில் சவ்வு கிழிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் யாரையும் தரையில் உட்கார வைக்காதீர்கள். இந்தப் பயிற்சி முழுக்க வயிற்றில்தான் நடக்கிறது; நிறைந்த வயிற்றோடு செய்தால் பத்தாவது நிமிடம் குமட்டும்.

கேரளப் பள்ளிக் கலைப் போட்டிகளான கலோத்சவக் காலத்தில் தொடங்குவது வீண். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பிள்ளைகளின் கவனம் போட்டி உருப்படியில்தான் இருக்கும். பிப்ரவரியிலோ ஜூனிலோ தொடங்குங்கள். ஜூன் என்றால் தரை ஈரம் என்ற தொல்லை உண்டு, அதைக் கீழே சொல்கிறோம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாழ்க்கைக் கதை, ஐந்து நிமிடத்தில்

வாழ்க்கை வரலாற்றை முழுவதும் ஒப்பிக்க வேண்டாம். பயிற்சிக்கு உதவுகிற பகுதியை மட்டும் சொன்னால் போதும்.

மார்த்தா கிரஹாம் 1894-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா மனநல மருத்துவர். ஒருவர் மனதில் உள்ளதை உடம்பின் அசைவு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பாடம் மகளுக்கு அவரிடமிருந்து வந்தது. 1911-இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்க நடனக் கலைஞர் ரூத் செயின்ட் டெனிஸின் ஆட்டத்தைப் பார்த்தார். 1916-இல் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் நடத்திய டெனிஷான் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 22 வயது. ஆட்டக்காரிக்கு அது தாமதம். நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லலாம். செயின்ட் டெனிஸுக்குப் பேர் வாங்கித் தந்த நடனம் 1906-இல் வந்த ‘ராதா’. அந்த ராதைக்குப் பின்னணி இசை பிரெஞ்சுக்காரர் தெலிபின் ஆபெராவிலிருந்து எடுத்தது. இந்தியாவைப் பார்க்காமலே ஆடிய இந்தியா அது. கிரஹாம் 1923-இல் அந்தப் பள்ளியை விட்டு விலகியதற்கும் பிறகு தன் ஆட்டத்திலிருந்து அலங்காரத்தையெல்லாம் உரித்துப் போட்டதற்கும் இந்தப் பின்னணி தெரிந்தால் அர்த்தம் விளங்கும்.

1926-இல் நியூயார்க்கில் தன் முதல் தனி நிகழ்ச்சியை நடத்தினார்; குழுவும் அந்த வருஷமே தொடங்கியது. 1938-இல் எரிக் ஹாக்கின்ஸ் வரும்வரை குழுவில் ஆணே கிடையாது. இது சும்மா தகவல் அல்ல. இன்று நாம் கற்பிக்கும் பயிற்சிகளின் அடித்தளம் அந்தப் பன்னிரண்டு வருஷங்களில், பெண்களின் உடம்பில், முக்கியமாக இடுப்புக்கூட்டில் சோதித்துப் பார்த்து உருவானது. ஆண் பிள்ளைகளுக்கு இடுப்பு எளிதில் திறக்காமல் தரைப் பயிற்சி கடினமாக இருந்தால் அவர்கள் மேல் குறை சொல்ல வேண்டாம்.

1955-56-இல் அவர் குழு ஆசியப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டியும் மேடையில் ஆடிக்கொண்டிருந்தார். மேடையை விட்டது எழுபது வயதுக்குப் பிறகு. 1991-இல் 96 வயதில் காலமாகும்வரை நடனம் அமைத்தார், கற்பித்தார். இவ்வளவு போதும். மீதியை ஏழாவது வாரத்தில் துணிக்குழாயைக் கையில் எடுக்கும்போது சொல்லுங்கள்.

கூடமும் தரையும்

பன்னிரண்டு பேருக்கு 30 அடிக்கு 20 அடி இடம் வேண்டும். கல்யாண மண்டபத்து மாடி, கோயில் ஊட்டுப்புரை (சாப்பாட்டுக் கூடம்), பள்ளிக்கூட ஹால் எதுவானாலும் முதலில் தரையைப் பாருங்கள். மொசைக்கும் டைல்ஸும் உட்கார்ந்து செய்யும் பயிற்சிக்குப் பரவாயில்லை, குதிப்பதற்கு உதவாது. பழைய வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரை வெறுங்காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் அது வியர்க்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறியை இருபது நிமிடம் ஓடவிட்டு, உள்ளங்கையை வைத்து இழுத்துப் பாருங்கள். கை வழுக்கினால் அன்றைக்குத் தரைப் பயிற்சி மட்டும்.

உட்கார என்ன விரிப்பது? கோரைப்பாய் வேண்டாம், வழவழப்பான தரையில் பாயோடு ஆளும் நகர்ந்துவிடுவார். பிள்ளைகள் விளையாடும் ரப்பர் நுரை விரிப்பு இன்னும் மோசம்: உட்கார்ந்தால் அமுங்கி இடுப்பு சாயும், நின்றால் பாதம் ஒட்டிக்கொண்டு கணுக்கால் திருகும். பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுவதுதான் சரியான வழி. நின்று செய்யும் பகுதி வந்ததும் அதைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட வேண்டும்.

நிரந்தரமாக ஓர் இடம் இருந்தால் மரத்தளம் போடுவது நல்லது. ரீப்பர் கட்டையை ஒரு வரிசை 16 அங்குல இடைவெளியில் அடுக்கி, அதன் மேல் குறுக்காக இன்னொரு வரிசை வைத்து, மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கின் இணைப்புகள் கீழ் அடுக்கின் இணைப்புகள் மேல் விழக்கூடாது. ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டு, தலையை மரத்துக்குள் இறக்கி அடைத்துவிடுங்கள். வெறும் தொடை உரசிப்போகும் தரை இது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஊர்களில் ஒரு தனிக் கணக்கு. வியர்த்த முதுகில் அது அடித்தால் தசை சட்டென்று இறுகும். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.

எந்தச் சொல்லைச் சொல்வது

கிரஹாம் முறைக்கு இரண்டே அச்சுகள். மூச்சு வெளியேறும்போது உடல் நடுவில் நடப்பதைக் ‘கான்ட்ராக்‌ஷன்’ என்றும், மூச்சு உள்ளே வரும்போது நடப்பதை ‘ரிலீஸ்’ என்றும் சொல்வார்கள். அகராதியைப் பார்த்து ‘சுருக்கம்’, ‘விடுப்பு’ என்று பலகையில் எழுதலாம். வாயால் சொல்லும் கட்டளைக்கு அந்தச் சொற்கள் ஆகாது. ‘சுருக்கு’ என்றால் பிள்ளை தோளைச் சுருக்கும். அதைவிடப் பெரிய கண்ணி ஒன்று தமிழிலேயே தயாராக இருக்கிறது: ‘வயிற்றை எக்கு’.

எக்குவது என்றால் என்ன செய்கிறோம் என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். மூச்சு உள்ளே போகிறது, விலா உயர்கிறது, வயிறு மேலேறி ஒட்டிக்கொள்கிறது, மூச்சு அங்கேயே நிற்கிறது. பாவாடை நாடா கட்டும்போது செய்வது அது. கிரஹாம் கேட்பது இதற்கு நேர் எதிரான காரியம். மூச்சு வெளியே போக வேண்டும், வயிறு பின்னால் போக வேண்டும், இடுப்பெலும்பு அடியிலிருந்து உருள வேண்டும். எக்கிக்கொண்டே கான்ட்ராக்‌ஷன் செய்கிற பிள்ளைக்கு மூன்றாவது வாரத்தில் கழுத்து வலிக்கும், ஐந்தாவது வாரத்தில் ‘இது எனக்கு வராது’ என்று நின்றுவிடும்.

சொல்ல வேண்டிய சொல் ‘குழியட்டும்’. ‘மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிறு குழியட்டும்.’ குழி என்பது மலையாளத்திலும் குழிதான்; கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரே சொல் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. மலையாளம் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு மூச்சுக்குப் பதில் ‘ஸ்வாசம்’ என்றால் போதும்.

ரிலீஸுக்கு ‘நிமிர்’ என்று சொல்லாதீர்கள். பரதம் படித்த உடம்பு அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சை முன்னே தள்ளி, இடுப்பின் பின்பக்கத்தை வளைத்து நின்றுவிடும். ‘அடியிலிருந்து எழும்பு’ என்று சொல்லுங்கள். முதலில் உட்காரும் எலும்பு, பிறகு இடுப்பு, பிறகு விலா, கடைசியில் தலை.

ஒரே ஒரு குழிவு, மெதுவாக

முதல் வாரம் முழுக்க இதுதான். அவசரப்பட வேண்டாம்.

முதலில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். முழங்கால் மடித்து, பாதம் தரையில், இரு பாதத்துக்கும் இடையே ஒரு சாண். இடுப்புக்கும் தரைக்கும் இடையில் ஒரு பொந்து இருக்கும். அதில் நாளிதழைக் கிழித்து நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றைச் செருகுங்கள், நுனி வெளியே தெரியட்டும். இப்போது வாயைத் திறந்து ‘ஹா’ என்று நான்கு எண்ணிக்கைக்கு மூச்சை விட வேண்டும். மூச்சு போகப் போக வால் எலும்பு தரையிலிருந்து கொஞ்சம் உருண்டு எழும், இடுப்பு தரையில் அமரும். நீங்கள் காகிதத்தை இழுங்கள். வராவிட்டால் சரி. உருவிக்கொண்டு வந்தால் பிள்ளை வயிற்றை எக்குகிறது அல்லது பாதத்தால் தரையை மிதித்துத் தள்ளுகிறது. பாதத்தைத் தூக்கச் சொன்னால் எந்தத் தவறு என்று தெரிந்துவிடும்.

காகிதச் சோதனைக்கு இன்னொரு நன்மை: ஆசிரியர் கையால் தொட்டுத் திருத்த வேண்டியதில்லை. இடுப்பிலும் அடிவயிற்றிலும் கை வைக்க வேண்டிய பயிற்சி இது. தொட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், முடிந்தவரை காகிதத்தையும் குச்சியையும் பயன்படுத்துங்கள்.

படுத்துச் செய்வது வந்த பிறகு உட்கார வைக்கலாம். உள்ளங்கால் இரண்டும் ஒட்டி, முழங்கால் பக்கவாட்டில் விழ, கை கணுக்கால் மேல். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கித் தாழ்ந்து நிற்கும் அரைமண்டி பழகிய தொடை இதற்கு உடனே ஒத்துழைக்கும். பரதம் படித்தவர்களுக்கு இங்கே பெரிய சாதகம். முதுகு நேராக. ‘தக திமி’ நான்கு எண்ணிக்கையில் மூச்சு வெளியே, உட்காரும் எலும்பின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு எடை உருள்கிறது. முதுகின் கீழ்ப்பகுதி வில்லாகிறது, தொப்புளுக்குக் கீழே ஒரு கிண்ணம் உண்டாகிறது. ‘தக ஜணு’ நான்கில் மூச்சு உள்ளே, அடியிலிருந்து எழும்புதல்.

இதில் கவனிக்க வேண்டியது உயரம். தலைக்கு மேல் ஒரு குச்சியைப் படுக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழியும்போது உச்சந்தலை குச்சியிலிருந்து இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கக்கூடாது. நாலு விரல் இறங்கினால் அது சரிவு, குழிவு அல்ல. தோள் இடுப்புக்கு நேர் மேலேயே இருக்க வேண்டும். முன்பக்கம் குழியும் அதே நேரம் பின்பக்கம் நீள்கிறது. பின்பக்கம் நீளாமல் முன்பக்கத்தை மட்டும் மடக்குவதுதான் கீழ்முதுகு வலிக்குக் காரணம்.

மூச்சைப் பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: சிரிக்கச் சொல்லுங்கள். கையை அடிவயிற்றில் வைத்து ‘ஹ ஹ ஹ’ என்று மூன்று முறை. கைக்கடியில் ஒவ்வொரு ‘ஹ’வுக்கும் ஒரு வெட்டு வெட்டுமே, அதுதான் தேவையான தசை. விம்மி அழும்போதும் அதே வெட்டு உண்டு. சிரிப்பும் அழுகையும் வெளிக்கிளம்பும் இடம் என்பதால்தான் இந்த அசைவுக்கு மேடையில் அத்தனை கனம்.

நான்குக்கு நான்கு பழகியதும் இரண்டுக்கு இரண்டு, பிறகு ஒன்றுக்கு ஒன்று. ஒன்றுக்கு ஒன்று வரும்போது குழிவு அடி வாங்கியதுபோல வர வேண்டும், ஆனால் தொடங்கும் இடம் மாறக்கூடாது. அதன்பின் கண்ட நடையில் மூன்று எண்ணிக்கை குழிவு, இரண்டு எழும்பல் என்று கொடுத்துப் பாருங்கள். ஐந்து எண்ணிக்கையில் மூச்சை ஏமாற்ற முடியாது. யார் மனதுக்குள் எண்ணுகிறார்கள், யார் மூச்சால் எண்ணுகிறார்கள் என்று பளிச்சென்று தெரியும்.

பரதம் படித்த உடம்பு செய்யும் தவறுகள்

இவை வரிசையாக வரும், தவறாமல் வரும்.

முகம்தான் முதலில். குழியச் சொன்னதும் பாதிப் பிள்ளைகள் புருவத்தை உயர்த்தி சோக பாவம் பிடிப்பார்கள். திட்ட வேண்டாம், பல வருஷம் பழகியது அது. கண்ணை எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்லுங்கள். பாவம் வயிற்றிலிருந்து வரும்போது முகத்துக்கு வேலை இல்லை.

அடுத்தது கை. முத்திரை இல்லாத கையைப் பிள்ளைகளுக்கு எங்கே வைப்பதென்றே தெரியாது. விரல்களை நீட்டிச் சேர்த்த பதாக முத்திரை தானாக வந்துவிடும். கிரஹாம் முறையில் ஒரு கை உண்டு: விரல்கள் நீண்டு சேர்ந்திருக்க, விரலும் உள்ளங்கையும் சேரும் கணுவில் மட்டும் மடங்கிக் குழிந்த கை. அதையும் தனியாகக் கற்பிக்காதீர்கள். அடிவயிறு குழியும்போது உள்ளங்கையும் குழியட்டும் என்று விடுங்கள், மூன்றாவது வாரத்தில் தானே வரும்.

கீழ்முதுகின் வளைவு மூன்றாவது. அரைமண்டியில் தவறாகப் பழகியவர்களுக்குப் பின்புறம் தள்ளியே நிற்கும். அவர்கள் காலை முன்னே நீட்டி உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரிந்துவிடும், ஏனென்றால் தொடையின் பின்தசை இறுகியிருக்கிறது. மடித்த ஜமக்காளத்தை மூன்று அங்குல உயரத்துக்கு அடியில் கொடுங்கள். ‘எனக்கு மட்டும் எதுக்கு டீச்சர்?’ என்று ரோஷப்படுகிற பிள்ளை இருக்கும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பாதத்தின் சத்தத்தைப் பற்றி நின்று ஆடும் இடத்தில் சொல்கிறோம்.

வகுப்பின் வரிசை

75 நிமிடத்தில் பாதிக்கு மேல் தரையில்தான். கிரஹாம் வகுப்பு தரையில் தொடங்கி, நின்று, பிறகு கூடத்தின் குறுக்கே நகர்ந்து முடியும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தரையில் காலின் எடை இல்லாததால் முதுகு தனியாக வேலை செய்யக் கற்கிறது. நிற்க வைத்துவிட்டுக் குழியச் சொன்னால் முழங்கால் மடங்கிப் பிள்ளை ஏமாற்றிவிடும்.

தொடக்கத்தில் உள்ளங்கால் ஒட்டிய நிலையில் முதுகை வளைத்து 16 சிறு துள்ளல், பிறகு கால்களை அகல விரித்து 16, பிறகு காலை முன்னே நீட்டி 16. நெற்றியால் தரையைத் தொட வேண்டும் என்ற போட்டி வேண்டாம். பிறகு மூச்சுப் பயிற்சி, மேலே சொன்ன குழிவு. இரண்டாவது வாரத்தின் கடைசியில் சுருளைச் சேர்க்கலாம்.

சுருள் என்பது திரும்பிப் பார்ப்பது அல்ல. ஒரு பக்க இடுப்பெலும்பு முன்னே நகர்வதில் தொடங்கி, முதுகெலும்பு படிப்படியாகத் திருகி, தோள் வந்து, கடைசியில் தலை திரும்புகிறது. பரதத்தில் ‘கண் போன வழி மனம்’ என்று பழகியவர்களுக்குத் தலைதான் முதலில் போகும். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், பாதித் தவறு அங்கேயே போய்விடும்.

நான்காவது நிலை என்று ஒன்று உண்டு. மூட்டு வலி வருவது இதில்தான். தரையில் உட்கார்ந்து ஒரு காலை முன்னே மடித்து, மற்றதைப் பின்னே மடித்து உட்காரும் நிலை. பின்கால் பக்கத்து இடுப்பு தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும். அதை யாரும் அழுத்தி உட்காரவைக்கக் கூடாது. அழுத்தினால் திருகல் முழுவதும் முழங்காலின் உள்பக்கத்துக்குப் போகும். முன்கால் பக்கத்து உட்காரும் எலும்பின் அடியில் துண்டை மடித்துக் கொடுங்கள், முன் முழங்காலின் கோணத்தைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். முழங்காலின் உள்பக்கம் வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் இழுத்தால் தொடரலாம்.

நின்று செய்யும் பகுதியில் பாதங்களை ஒன்றுக்கொன்று இணையாக வைத்துத் தொடங்குங்கள். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராக மடங்க வேண்டும். அரைமண்டிக்காரர்களின் பாதம் தானாக வெளியே திரும்பும். தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவிடுங்கள். பிறகு நடை. இடுப்பு முன்னே போக, கால் அதன் அடியில் வந்து சேர்கிற நடை; பாதம் தரையை வருடிக்கொண்டு போகும். அதன்பின் மூன்றடி நடை. இதற்கு மூன்று எண்ணிக்கைத் திஸ்ரம் தெரிந்த பிள்ளைகளிடம் விளக்கமே வேண்டாம்: ‘தகிட’, முதல் அடி முழங்கால் மடிந்து தாழ, மற்ற இரண்டும் முன்பாதத்தில் உயர. ஆனால் ‘த’ வந்ததும் தட்டிவிடுவார்கள். இங்கே தட்டு கிடையாது. நீங்கள் கூடத்தின் ஓரத்தில் கண்ணை மூடி நின்று கேளுங்கள். காலடிச் சத்தம் காதில் விழுந்தால் மறுபடியும்.

தாளத்துக்குத் தட்டுக்கழி வேண்டாம், அந்த ஓசையே பிள்ளைகளைப் பரதத்தின் அடவு அசைவுகளுக்குள் தள்ளிவிடும். ஒரு கைமுரசோ உடுக்கையோ போதும். முதல் மூன்று வாரம் நிமிடத்துக்கு 60 அடி, பிறகு 80. வாசிக்க ஆளிருந்தால் மூச்சைக் கேட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கிரஹாமுக்கு லூயி ஹார்ஸ்ட் என்ற இசைஞர் அப்படி வாய்த்தார். நடனத்துக்குத் தேவையானதுக்கு மேல் ஒரு சுரம்கூட வேண்டாம் என்று கண்டிப்பாக இருந்தவர்.

விழுதல்

ஐந்தாவது வாரத்துக்கு முன் வேண்டாம். எட்டு வாரத்துக்குள் நின்ற நிலையிலிருந்து விழவும் வேண்டாம். முட்டிபோட்ட நிலையிலிருந்து விழுதல் போதும்.

மண்டியிட்டு, குழிவோடு தொடங்குங்கள். இடுப்பு கணுக்கால் பக்கம் தாழ்ந்து ஒரு பக்கமாகச் சாயும். தரையைத் தொடும் வரிசை இது: தொடையின் வெளிப்பக்கம், இடுப்பின் பக்கச் சதை, நீட்டிய கை வழுக்கிப் போக விலாப்பக்கம், கடைசியில் தோள். எட்டு எண்ணிக்கைக்கு இறக்கம், எட்டுக்கு ஏற்றம், பிறகு நான்கு. முழங்கையை ஊன்றினால் தோள்மூட்டு போகும், வால் எலும்பில் உட்கார்ந்தால் ஒரு மாதம் வலிக்கும். இரண்டும் நடப்பது ஒரே காரணத்தால்: விழுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். குழிந்த வயிறு எடையைத் தாங்கிப்பிடித்து மெதுவாக இறக்கும். நிறைந்த நெஞ்சு மூட்டையைப்போல விழும். ஆகவே வாயால் ‘ஹா’ கேட்காமல் யாரையும் விழவிடாதீர்கள்.

களரி படித்த பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் விழுதலுக்கு அவரை முன்னால் நிறுத்துங்கள். மண்தரையோடு பழகிய உடம்புக்குத் தரையிடம் பயம் இருக்காது. களரிப் பயிற்சியை நவீன மேடைக்குக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்டால், 1985-இலேயே சந்திரலேகா ‘அங்கிகா’வில் பரதத்தையும் களரிப்பயற்றையும் ஒரே மேடையில் வைத்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

கடைசி இரண்டு வாரம்: துணிக்குழாய்

1930 ஜனவரியில் கிரஹாம் ‘லாமென்டேஷன்’ என்ற தனி நடனத்தை ஆடினார். ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்டான் கோடாயின் பியானோ இசை, ஒரு தாழ்ந்த பெஞ்சு, உடலை மூடிய ஊதா நிறத் துணிக்குழாய். முகமும் கையும் பாதமும் மட்டும் வெளியே. கிட்டத்தட்ட முழு நடனமும் உட்கார்ந்தபடியே. துக்கப்படுகிற ஒருத்தியை அவர் நடிக்கவில்லை, துக்கத்தையே துணியின் இழுவையில் காட்டினார். அந்த நடனத்தை நகலெடுத்து மேடையேற்றக் கூடாது, அதற்கு முறையான அனுமதி வேண்டும். ஆனால் துணிக்குழாய் வகுப்பறைக்கு அருமையான கருவி. பிள்ளையின் தவறை நீங்கள் சொல்ல வேண்டாம், துணி சொல்லிவிடும்.

துணி பக்கத்திலேயே கிடைக்கிறது. திருப்பூர் பனியன் துணியில் பருத்தி 95, லைக்ரா 5 கலந்தது, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில் கேளுங்கள். சாதாரணப் பனியன் துணி குழாயாகவே வரும், ஆனால் இழுத்தால் திரும்பச் சுருங்காமல் தொங்கிப்போகும். லைக்ரா கலந்தது பெரும்பாலும் அறுத்து விரித்துத்தான் வரும், ஒரு தையல் போட்டுக் குழாயாக்க வேண்டும். ஐந்தடி இரண்டங்குலப் பிள்ளைக்குச் சுற்றளவு 60 அங்குலம், நீளம் இரண்டே கால் மீட்டர். அகலவாக்கில் அதிகம் இழுபடும். அந்தப் பக்கம் உடலைச் சுற்றி வரட்டும். ஓவர்லாக் தையல்தான் வேண்டும். நேர்த்தையல் போட்டால் முதல் இழுப்பிலேயே நூல் தெறித்துவிடும். வெளிர் நிறம் வாங்காதீர்கள், வியர்வையில் உடம்பு தெரியும். கருநீலமோ மாந்தளிரோ நல்லது.

பெஞ்சு 15 அங்குல உயரம், ஆடாமல் நிற்க வேண்டும். கால்களை அகல வைத்து உட்கார்ந்து, குழாயின் கீழ்விளிம்பைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, மேல்விளிம்பைத் தலைக்குப் பின்னே முக்காடுபோல் கொண்டுவர வேண்டும். முகம் எப்போதும் வெளியே. மூக்கையும் வாயையும் துணி மூடக்கூடாது, இதில் விளையாட்டு வேண்டாம். கை உள்ளே. இப்போது அதே நான்கு எண்ணிக்கைக் குழிவு, அதே நான்கு எழும்பல், பிறகு சுருள்.

துணியில் விழும் மடிப்புகளைப் பாருங்கள். சுருள் இடுப்பில் தொடங்கியிருந்தால் ஒரு பக்க இடுப்பிலிருந்து எதிர்த்தோள் வரை சாய்வாக ஒரே நீளக் கோடு விழும். முழங்கை மட்டும் தள்ளினால் முழங்கையைச் சுற்றி நட்சத்திரம்போல் சின்னச் சின்ன மடிப்பு விழும், வயிற்றில் துணி தொளதொளவென்று கிடக்கும். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் ஆட, மற்றவர் எதிரில் அமர்ந்து, கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’, ‘அழகா இருக்கு’ என்ற பேச்சே கூடாது. ‘வலது இடுப்பிலேர்ந்து இடது தோள்’, ‘முழங்கைல மட்டும்’, அவ்வளவுதான்.

முடிந்ததும் குழாயைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரத் துணி தன் எடையாலேயே நீண்டுவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் கோரைப்பாயின் மேல் விரித்துக் காயவையுங்கள். அந்தப் பாய்க்கு இந்த வகுப்பில் இது ஒன்றுதான் வேலை.